காது அடைக்கும் உயரம்

மேசை மேலிருந்த சிப்ஸ் பாக்கெட் உப்பியிருந்தது.

முத்துப்பிரியா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினைந்து நாளைக்கு முன்னால் மலையிலிருந்து இறங்கி வந்தபோது அவள் கணவன் ஈஸ்வரன் வாங்கிவந்த நேந்திரங்காய் சிப்ஸ் அது. மலைமேல் ஒட்டிய பாக்கெட் அடிவாரத்தில் போடிக்கு வந்து சேர்வதற்குள் சூம்பிப்போகும்; கீழே வாங்கியதை மேலே கொண்டுபோனால் வெடிக்கப் பார்க்கும். போடிமெட்டு பஸ்ஸில் ஒரு தடவை போய்வந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. மத்தியானம் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது அது சூம்பித்தான் கிடந்தது. இப்போது கன்னத்தை உப்பி வைத்துக்கொண்டிருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று ஜன்னலைப் பார்த்தாள். வெயிலே இல்லை. காலையிலிருந்து மூட்டம் போட்டு, மேற்கே மலை இருக்கிற இடத்தில் வெறும் சாம்பல் நிறம்தான் தெரிந்தது.

"பிரியா, தூங்கிட்டியா?" என்றது காதில் ஈஸ்வரனின் குரல்.

"இல்ல மாமா. உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவனை என்றால், அவனுடைய விமானத்தை. திரையின் மேல் ஓரத்தில் ஒரு சாம்பல் நிறக் கீற்றாக அது தெரிந்தது.

கல்யாணமாகி ஒன்றரை வருசத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஈஸ்வரனுக்குப் மலையுச்சியில் மாநில எல்லையான போடிமெட்டைத் தாண்டி, கேரளத்துப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்து ஸ்டோரில் வேலை. பறித்த பச்சைக் காயை அடுப்புச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்றுதான் பெயர். சீசனில் அடுப்பும் அணையாது, அவனும் இறங்க முடியாது. மணிக்கொரு தடவை அலாரம் அடிக்கும். எழுந்து போய்ச் சூடு பார்த்து, விறகைத் தள்ளிவிட்டு வர வேண்டும். ஒரு தடவை தவறினாலும் காயின் பச்சை போய் வெளுத்துவிடும். அந்தப் பழக்கம் அவன் உடம்பில் எப்படி ஊறிவிட்டதென்றால், லீவில் வீட்டுக்கு வந்தாலும் மணிக்கொரு தடவை தூக்கத்திலிருந்து எழுந்து அடுப்படி வரை போய் நின்றுவிட்டு வந்து படுப்பான். அடுப்பைக் கட்டிக்கொண்ட ஆள் என்று கீழ்வீட்டுக் கமர்நிசாக்கா கேலி செய்வாள்.

தோட்டத்து முதலாளி கேமராவுக்காக இழுத்துவிட்ட நெட் லைன் ஸ்டோரின் மாடி அறை வரை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஈஸ்வரன் தன் பழைய பைத்தியத்தைத் தொடர்ந்தான். உலகப்போர் காலத்து விமானங்களை ஓட்டிச் சண்டை போடுகிற ஆன்லைன் விளையாட்டு. போனில் பேசினால் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்று நாலு வார்த்தையில் பேச்சு தீர்ந்துபோகிறது. கூடவே பறந்தால் ஒரு மணி நேரம் பேசாமலே ஒன்றாக இருக்கலாம். அதற்காகவே முத்துப்பிரியா கற்றுக்கொண்டாள். ஏலக்காயை ஏலம் விடுகிற மையத்தில் ஒரு வியாபாரிக்காகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏலம் கேட்கிறவள். கைவேகம் ஏற்கெனவே இருந்தது. அலாரம் அடித்ததும் அவன், "தீ பாத்துட்டு வர்றேன், வட்டம் அடிச்சுக்கிட்டு இரு" என்பான். ஆளில்லாமல் தானாக மிதந்து போகும் அவன் விமானத்தை அவள் சுற்றிச் சுற்றி வருவாள். அவர்களுடைய குடித்தனத்தில் பாதி அப்படித்தான் நடந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சண்டை வேண்டாம் என்று இருவருக்கு மட்டும் தனி அறை ஒன்று போட்டிருந்தார்கள். பத்தாயிரம் மீட்டரிலேயே தொடங்கும் அறை. அறைக்குள் இரண்டு விமானமாவது இருக்க வேண்டும். ஒன்று வெளியேறினால் பத்து வினாடியில் அறை மூடிக்கொள்ளும், குரலும் போய்விடும்.

ஈஸ்வரனுக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. அந்த விளையாட்டில் உயரத்தில் சில கோளாறுகள் உண்டு. எந்த உயரத்தில் காற்று எவ்வளவு என்று எழுதி வைத்த பட்டியல் பதினாறாயிரம் மீட்டரோடு முடிகிறதாம். அதற்கு மேல் எவன் போகப்போகிறான் என்று எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். போன ஒன்றிரண்டு பேர் ஆளுக்கொன்று சொன்னார்கள். சுட்ட குண்டு இறங்காமல் நேரே போய்க்கொண்டே இருக்கிறது என்றான் ஒருவன். மூக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் விமானம் தன் போக்கில் மிதக்கிறது என்றான் இன்னொருவன். அந்தப் பதினாறாயிரத்துக்கு ஈஸ்வரன் மெட்டு என்று பெயர் வைத்திருந்தான். மெட்டைத் தாண்டினால் வேறு ராஜ்யம், ஒரு எட்டு பார்த்துவிட்டு வர வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இன்று எரிபொருளைப் பாதியாகக் குறைத்து, கீழே பாய்ந்து வேகம் பிடித்து, செங்குத்தாக மேலே இழுத்திருந்தான்.

"மாமா, உங்க என்ஜினு நின்னுருச்சு."

"நின்னு ரெண்டு நிமிசம் ஆச்சு புள்ள. விழுந்தேனா பாரு."

விழவில்லை. ஆணி அடித்து மாட்டிய மாதிரி நின்றது. அவன் பெயருக்குப் பக்கத்தில் உயரம் பதினாறாயிரத்து நாற்பது என்று காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தொன்று ஆனது. நாற்பத்திரண்டு. என்ஜின் இல்லாமல், காற்று இல்லாமல், அது ஏறிக்கொண்டிருந்தது.

"கோளாறு புடிச்ச விளையாட்டு" என்று சிரித்தாள். காது லேசாக அடைத்த மாதிரி இருந்தது. எச்சிலை விழுங்கினாள், திறந்துகொண்டது. மலை ரோட்டில் எட்டாவது வளைவு வந்ததும் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் சொல்லிவைத்த மாதிரி எச்சில் விழுங்குவார்கள். அப்படி விழுங்கிப் பழகிய தொண்டை. எதற்கு அடைத்தது என்று அவள் யோசிக்கவில்லை.

கீழே கமர்நிசாக்காவின் கொட்டடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற சல்லடைச் சத்தம் சரக் சரக்கென்று மாடிப்படி வழியாக ஏறி வந்தது. சீசனில் ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. வீடு முழுக்க, தலையணை, சேலை, சோற்றுப்பானை வரைக்கும் ஏலக்காய் வாசம். "முத்து, செத்த நேரத்துல டீ போடுறேன், மேல கொண்டாரவா?" என்று கமர்நிசாக்கா படிக்கட்டடியில் நின்று கத்தினாள். "கொண்டாங்கக்கா" என்று இவளும் கத்தினாள்.

ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது.

ஹெட்செட்டில் அது எப்போதும் கேட்கிற சத்தம்தான். ஆனால் இன்று ரொம்ப மெல்லிசாக, கிணற்றுக்குள் விழுந்த செம்பு கல்லில் முட்டுகிற மாதிரி கேட்டது. முத்துப்பிரியா வழக்கம்போல வட்டமடிக்கத் தயாராக விமானத்தைச் சாய்த்தாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலி நகர்கிற சத்தமும் இல்லை.

"மாமா, மணி அடிக்குது."

"எங்க?"

"எங்கயா? உங்க பக்கத்துலதான். தீயப் பாத்துட்டு வாங்க."

ஈஸ்வரன், தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி இழுத்துச் சொன்னான். "கீழ எங்கயோ கேக்குது பிரியா. அது நம்ம ஸ்டோரு மணியா?"

அவள் கை மவுசில் அப்படியே நின்றது. தூக்கத்தில் அடித்தால்கூட எழுந்து நடக்கிற ஆள் அவன். காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்தவன். அலாரம் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்க அடிக்கத் தேய்ந்தது. அவன் உயரம் பதினேழாயிரத்து இருநூறு.

"விளையாடாதீங்க மாமா. எந்திரிங்க."

"எந்திரிக்கத்தான் பாக்குறேன்" என்றான் அவன். "காலு தரையில படமாட்டேங்குது."

அவளுக்குப் பயம் வந்தது. அடுப்புப் புகை மாடி அறைக்குள் வராமல் இருக்க, கதவிடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது அவன் வழக்கம். புகை உள்ளேயே தங்கிவிட்டதோ, மூச்சு முட்டி மூளை குழம்புகிறதோ? அப்படித்தான் இருக்கும். அப்படி இருந்தால் ஆள் அனுப்பிக் காப்பாற்றிவிடலாம். செல்போனை எடுத்து அவன் நம்பருக்கு அடித்தாள். ஒரு காதில் ரிங் போனது. ஹெட்செட் மாட்டிய மறு காதில் அதே ரிங் எங்கோ பாதாளத்தில் கேட்டது. யாரும் எடுக்கவில்லை.

போடிமெட்டில் டீக்கடை வாசலில் ஜீப்போடு நிற்கும் தங்கபாண்டிக்கு அடித்தாள். தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் அவனுடையது. "அண்ணே, ஸ்டோருக்கு வெரசாப் போங்கண்ணே. அவுகளுக்கு என்னமோ ஆயிருச்சு. கதவ ஒடச்சாவது உள்ள போங்க. போனா அவுக போனை எடுங்க, நான் அடிச்சுக்கிட்டே இருப்பேன்."

"மூட்டம் கண்ணத் தெரியவுடலயே தாயி. சரி, இருபது நிமிசத்துல போயிர்றேன். நீ பயப்படாத."

இருபது நிமிடம். அவளால் செய்யக் கூடியது ஒன்றுமே இல்லை. எழுந்து ஓடி பஸ்ஸைப் பிடிக்கலாம். எழுந்தால் ஹெட்செட்டைக் கழற்ற வேண்டும், அவன் குரல் அறுந்துபோகும். மயங்கிக்கொண்டிருக்கிறவனைப் பேச்சுக் கொடுத்து விழித்திருக்க வைக்க வேண்டாமா? நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"மாமா, பேசிக்கிட்டே இருங்க. என்ன தெரியுது?"

"கருநீலமா இருக்கு. சூரியன் இருக்கு, ஆனா வெளிச்சம் இல்ல. குளுரல. ஒண்ணுமே இல்ல பிரியா, வாசம்கூட இல்ல." மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். "இத்தன வருசத்துல எனக்கு ஏலக்கா வாசம் இல்லாம இருந்ததே இல்ல."

பத்தொன்பதாயிரம். இருபத்தொன்று. மூக்குக் கீழ் நோக்கியிருந்தும் விமானம் ஏறியது. எண்கள் முன்பு ஒவ்வொன்றாக மாறின. இப்போது நூறு நூறாக மாறின.

தங்கபாண்டி போனை எடுத்தபோது மணி ஐந்து நாற்பது. ஒரு காதில் அவன் மூச்சிரைப்பு. "தாயி, கதவ ஒடச்சிட்டோம். உள்தாப்பாப் போட்டிருந்துச்சு, சாக்கும் அப்படியே இருந்துச்சு. ஆனா உள்ள ஆளு இல்ல."

"இல்லன்னா? நல்லாப் பாருங்கண்ணே."

"பத்துக்குப் பத்து ரூமுல எங்க தாயி பாக்க? நாக்காலி கெடக்கு. செருப்பு ரெண்டும் நாக்காலிக்கு அடியில சோடியாக் கெடக்கு. காதுல மாட்டுறது மேச மேல கெடக்கு, அதுல உங்க பேச்சுச் சத்தம்தான் வருது. ஜன்னலுக்குக் கம்பி இருக்கு. புகையுமில்ல ஒண்ணுமில்ல. எங்கிட்டுப் போயிருப்பாரு?"

மறு காதில் ஈஸ்வரன் சொன்னான். "பிரியா, கீழ என் நாக்காலியச் சுத்தி யாரோ நிக்கிறாங்க. தல மட்டும் தெரியுது. ஒருத்தன் தங்கபாண்டியாட்டம் இருக்கான். ரொம்பச் சின்னதாத் தெரியுறான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிரவா தாயி?" என்று தங்கபாண்டி கேட்டான்.

"வேணாம்!" அவள் போட்ட கூச்சலில் தொண்டை கிழிந்தது. "தொடாதீங்கண்ணே. அதுல எதையும் தொடாதீங்க. எல்லாரும் வெளிய போயிருங்க."

அவர்கள் பள்ளத்துப் பக்கம் டார்ச் அடித்துத் தேடப் போனார்கள். போன் அணைந்தது. கீழே தேடி என்ன பிரயோசனம்? அவன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நம்ப முடியவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது. இருபத்தாறாயிரம்.

"எனக்குப் பயமா இருக்கு பிரியா" என்றான் அவன். அதுவரை ஒரு தடவைகூடச் சொல்லாதவன். "நீ மட்டும் போயிராத. கூட இரு."

வெளியேறுகிற பட்டன் திரையின் மூலையில் இருந்தது. அதை அழுத்தினால் அவள் எழுந்து படியிறங்கி, கமர்நிசாக்காவின் தோளில் சாய்ந்து அழலாம். பத்து வினாடியில் அறை மூடும். அவன் மேலேயே நின்றுபோவான், குரல்கூட இல்லாமல். அவளால் அது முடியாது. யாரால்தான் முடியும்? பக்கத்தில் போனால் பேசிப் பேசி, மூக்கைத் திருப்பச் சொல்லி, சக்கரத்தை இறக்கச் சொல்லி எப்படியாவது இறக்கிவிடலாம் என்று தோன்றியது. விமானத்தைக் கவிழ்த்துக் கீழே பாய்ந்தாள். வேகம் பிடித்தாள். செங்குத்தாக இழுத்தாள்.

பதிமூன்றாயிரத்தில் என்ஜின் இருமி நின்றது. பதினாலு. பதினைந்து. வழக்கமாக இங்கே மூக்குத் தொங்கி, சுழன்று விழும். எத்தனை தடவை விழுந்திருக்கிறாள். இன்று தொங்கவில்லை.

பதினாறாயிரம்.

விமானத்தின் காற்றுச் சத்தம் நின்றது. அதோடு தலைக்கு மேல் ஓடிய ஃபேன் சத்தமும் நின்றது.

காது அடைத்தது. விழுங்கினாள். திறக்கவில்லை. மறுபடி விழுங்கினாள்.

சிப்ஸ் பாக்கெட் சுருக்கமே இல்லாமல், தோல் கிழியப் போகிற மாதிரி இறுகி நின்றது. இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மத்தியானத்திலிருந்தே அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சல்லடைச் சத்தம் கேட்டது. எறும்பு நடக்கிற அளவு சத்தம். "முத்து... டீ..." என்று கமர்நிசாக்காவின் குரலும் வந்தது. மாடிப்படி அடியிலிருந்து அல்ல. போடிமெட்டில் நின்றால் கீழே ஊரிலிருந்து எழும் கோயில் ஒலிபெருக்கி மாதிரி, அவ்வளவு கீழிருந்து.

மூச்சை இழுத்தாள். ஏலக்காய் வாசம் இல்லை.

வெளியேறும் பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி. மறுபடி. விரல் எதிலும் படவில்லை.

காலால் செருப்பைத் துழாவினாள்.

செருப்பு இல்லை.

தரை இல்லை.

"வந்துட்டியா" என்றான் ஈஸ்வரன். ஹெட்செட்டில் இல்லை. காதோரத்தில். அவன் மூச்சு படவில்லை, குரல் மட்டும். "எங்க பிரியா இருக்க? என் கையப் பிடி."

கையை நீட்டினாள். கருநீலம். எங்கும் கருநீலம். மேலே பார்த்தாள், ஃபேன் இல்லை, கூரை இல்லை. கீழே பார்த்தாள்.

ரொம்பக் கீழே ஒரு சதுர வெளிச்சம். அவளுடைய அறை. மேசை. திரை. மேசை மேல் ஹெட்செட். நாற்காலிக்கு அடியில் சோடியாக இரண்டு செருப்பு.

கதவு திறந்தது. ஒரு வெள்ளைப் புள்ளி உள்ளே வந்தது. கமர்நிசாக்காவின் முக்காடு, ஒரு ஏலக்காய் அளவில். கையில் டீ. டீயை மேசையில் வைத்தாள். குனிந்து செருப்பைப் பார்த்தாள். குளியலறைப் பக்கம் போய்க் கூப்பிட்டாள், திரும்பி வந்தாள்.

கத்த வாயைத் திறந்தவள் சட்டென்று மூடிக்கொண்டாள். கத்தினால் ஹெட்செட்டில் கேட்கும். கேட்டால் அக்கா அதை எடுப்பாள். எடுத்தால் காதில் வைப்பாள். உதட்டைக் கடித்தாள். மூச்சுக்கூட விடாமல் இருந்தாள். போயிருங்கக்கா. டீயை வச்சிட்டுப் போயிருங்க.

"கீழ யாரு?" என்றான் ஈஸ்வரன், ஆசையாக. "கமர்நிசாக்காவா?"

அவன் வாயைப் பொத்தக் கையை வீசினாள். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கீழே வெள்ளைப் புள்ளி திரும்பியது. மேசையை நெருங்கியது. ஹெட்செட்டை எடுத்து, முக்காட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டது.

"ஈஸ்வரா? நீயாப்பா? முத்து எங்க போனா? வீட்டத் தொறந்து போட்டுட்டு?"

"இங்கதான்க்கா இருக்கா, எங்கூட. எங்களுக்கு எறங்கத் தெரியல. நீங்க போயிராதீங்க. செத்த நேரம் கூட இருங்க."

"என்னப்பா சொல்ற? ஒண்ணும் வெளங்கலயே" என்று சொல்லிக்கொண்டே கமர்நிசாக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். திரையை நெருங்கிப் பார்த்தாள். பிறகு ஹெட்செட்டை லேசாகத் தூக்கி, காதுக்குள் விரலை விட்டுக் குடைந்து, எச்சிலை விழுங்கினாள்.